கடைசி வரிக்குக் கீழே

எங்கள் துறையின் கம்பைலர் பல வருஷம் தப்பாக வேலை செய்தது. அதனால் சில பிள்ளைகள் படிப்பை விட்டார்கள். ஒருவன் வீட்டையும் விட்டான். அவ்வளவுதான் நடந்தது.

கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். புளியங்குடியில் ஏறியதிலிருந்து "அந்தக் காலேஜ் எப்படி?" என்று பஸ்ஸில் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கண்டக்டர் நல்ல காலேஜ் என்கிறார். அவருக்கு என்ன தெரியும்? வாசலில் பஸ் நிற்கும் என்று தெரியும். நான் அங்கே கம்பைலர் டிசைன் நடத்தியவன். ரிட்டயராகும்வரை அந்த ஒரு பாடம்தான்.

பையனா அது, முன்சீட்டில் தூங்குகிறவன்? டிப்ளமோ முடித்துவிட்டு நேரே இரண்டாம் வருஷத்தில் சேர்கிறானா? பெயர் என்ன?

வேல்முருகன். ம். ஆங்கிலத்தில் வி. கடைசியில்தான் வரும்.

ஒன்றுமில்லை. சும்மா சொன்னேன். சாக்கைச் சரியாகக் கட்டுங்கள், எலுமிச்சம்பழம் உருண்டு வருகிறது.

விடமாட்டீர்கள் போலிருக்கிறது. சரி. நான் சிவகிரியில் இறங்கவேண்டும். அதுவரை சொல்கிறேன். நடுவில் கேள்வி கேட்காதீர்கள்.

கம்பைலர் என்றால் என்ன என்று தெரியுமா? தெரியாது. நாம் எழுதுவதை மெஷின் படிக்காது. நடுவில் ஒருவன் வேண்டும். நாம் எழுதிய புரோகிராமை வாங்கி, மெஷினுக்குப் புரிகிற உத்தரவுகளாக மாற்றித் தருகிறவன். அவன்தான் கம்பைலர். அவன் ஒழுங்காக மாற்றினால் நாம் சொன்னது நடக்கும். அவன் ஒன்றை விழுங்கினால் விழுங்கியதுதான். வெளியே தெரியாது.

எங்கள் துறைக்கு நான் ஒன்று எழுதினேன். பெயர் தச்சன். புரோகிராம் எழுதுவதற்கு என்று ஒரு சின்ன பாஷையும் உண்டாக்கினேன். தமிழ்ச் சொற்கள், ஆங்கில எழுத்தில். அப்போது சிரித்தார்கள். பிறகு வேறு கல்லூரிகளிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதை விடுங்கள்.

தச்சனை எழுதியதும் அதே பாஷையில்தான். அதாவது புதுத் தச்சனை உண்டாக்க வேண்டுமென்றால் பழைய தச்சனிடம் கொடுத்துத்தான் மாற்றவேண்டும். வீட்டில் தயிருக்கு உறை ஊற்றுகிறார்கள் இல்லையா? இன்றைய பாலுக்கு நேற்றைய மோர். நாளைய பாலுக்கு இன்றையது. அந்த மாதிரி. ஒவ்வொரு வருஷமும் மூன்றாம் வருஷப் பிள்ளைகள் தச்சனில் ஏதாவது ஒன்றைப் புதிதாகச் சேர்க்கவேண்டும். எந்தக் கோஷ்டி நன்றாகச் செய்கிறதோ அவர்களுடையது அடுத்த வருஷத்துக்குத் தச்சன்.

புதியது வந்ததும் பழையதை அழித்துவிடுவோம். எல்லார் முன்னாலும். பிள்ளைகள் அதைப் போகி என்று சொல்வார்கள். நான் கொண்டுவந்த வழக்கம். பழையது கையில் இருந்தால் பயல்கள் அதிலிருந்து காப்பி அடிப்பார்கள். அதனால் ஒரு பிரதிகூட வைக்கக் கூடாது. யாரும் வைக்கவில்லை. நான் சொன்னால் சொன்னதுதான்.

தச்சனுக்குள் ஒரு பட்டியல் உண்டு. இன்ன சொல் வந்தால் மெஷினுக்கு இன்ன உத்தரவு கொடு என்று. சொல்லுக்கு ஒரு வரி. பட்டியலின் கடைசி வரி என்னுடையது. 'ஈறாக' என்ற சொல். 'திங்கள் முதல் ஞாயிறு வரை' என்று எழுதினால் என் பாஷையில் ஞாயிறுக்கு முன்னால் நின்றுவிடும். இந்தத் துறையில் அப்படித்தான் வழக்கம். 'திங்கள் முதல் ஞாயிறு ஈறாக' என்றால் ஞாயிறும் சேரும். கடைசியையும் சேர்த்துக்கொள் என்று அர்த்தம். அழகான சொல். அதைச் சேர்த்த அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தச்சன் தன் பட்டியலைத் தேடுகிற இடத்திலும் அதையே போட்டேன். முதல் வரி முதல் கடைசி வரி ஈறாகத் தேடு. முதல் நகலில் சின்னக் கோளாறு ஒன்று இருந்தது. அந்த மத்தியானமே திருத்திவிட்டேன். எழுத்தில் திருத்திவிட்டேன். நீங்கள் இன்று போய்ப் பார்த்தாலும் அந்த வரி சரியாக இருக்கும்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரி சரி.

பிள்ளைகள் புதிதாக எதைச் சேர்த்தாலும் என் வரிக்கு மேலே சேர்க்கவேண்டும். கீழே எழுதக் கூடாது. அது சட்டம். ஏன் என்று கேட்கிறீர்களா? வீடு கட்டியவன் பெயர் வாசலில் இருக்கிறது. அதற்கு மேல் சுண்ணாம்பு அடிப்பீர்களா?

துறையில் மூன்றாம் வருஷச் செய்முறை மார்க் கூட்டுவதற்கும் நான்தான் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். தச்சன் வழியாக மாற்றியது. முதல் நம்பர் முதல் கடைசி நம்பர் ஈறாகக் கூட்டு. கையால் கூட்டுகிற வேலை போயிற்று.

அதற்கப்புறம்தான் பிள்ளைகள் ஒரு பேச்சு பேச ஆரம்பித்தார்கள். கடைசி நம்பர் ராசியில்லை என்று. எந்த வருஷம் பார்த்தாலும் வகுப்பில் கடைசி நம்பருக்குச் செய்முறையில் பூஜ்யம். ஹால் டிக்கெட் வராது. வருஷம் போய்விடும்.

நான் இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை என்றேன். கடைசி நம்பர் யார்? டிப்ளமோவிலிருந்து வருகிறவன். இரண்டாம் வருஷத்தில் வந்து சேர்கிறான், பட்டியலின் வாலில் ஒட்டுகிறான், அங்கேயும் ஆங்கில எழுத்து வரிசையில். தமிழ் மீடியம். கணக்கு வராது. அவன் பூஜ்யம் வாங்காமல் யார் வாங்குவார்?

உங்கள் பையனைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

பயம் அதிகமாகிப் போயிற்று. ஒருவன் கெஜட்டில் பெயரை மாற்றிக்கொண்டு வந்தான். யுவராஜாக இருந்தவன் அபினேஷ் ஆனான். அவனுக்கு முந்தின பெயர்க்காரன் கடைசிக்குத் தள்ளப்பட்டான். லேபில் இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். "ஏல, உன்னால என் வருசம் போகுது" என்று ஒருவன். "போய் உங்கப்பன்ட்ட சொல்லி நீயும் பேர மாத்துல" என்று இன்னொருவன். நான் இரண்டு பேரையும் வெளியே அனுப்பினேன். அந்த வருஷமும் கடைசி நம்பருக்குப் பூஜ்யம்தான். தள்ளப்பட்டவனுக்கு.

சிவகிரிப் பையன் ஒருவன் இருந்தான். அந்த வருஷம் டிப்ளமோவிலிருந்து வந்தது அவன் ஒருவன்தான், அதனால் அவனும் கடைசி நம்பர். என் அறைக்கு வந்தான். "எல்லாத்தையும் முடிச்சுக் குடுத்தேன் சார். நீங்களே பாத்துக் கையெழுத்துப் போட்டீங்க" என்றான்.

"மெஷின் பொய் சொல்லாது. நீ சொல்லுவ" என்றேன்.

மறுவருஷம் திரும்ப எழுதினான். மற்றவர்களோடு இல்லை. பழைய பாக்கிக்காரர்களுக்குத் தனிப் பட்டியல். அந்த வருஷம் அதில் அவன் ஒருவன்தான். அவனே முதல் நம்பர், அவனே கடைசி நம்பர். மறுபடியும் பூஜ்யம். இரண்டு தடவை பூஜ்யம் வாங்குகிறவனை நான் என்ன செய்யமுடியும்? அதற்கப்புறம் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். நானும் விட்டுவிட்டேன்.

பல மாதம் கழித்து ஒரு மத்தியானம் லேப் வாசலில் ஒருவர் நின்றார். உங்கள் வயசுதான் இருக்கும். கையில் தூக்குவாளி.

"இசக்கிமுத்து அப்பாங்க ஐயா, சிவகிரி. பய சாப்பாட்ட மறந்துட்டு வந்துட்டான்."

"நம்பர் என்ன?" என்றேன்.

"நம்பரு தெரியாதுங்க. இசக்கிமுத்து."

நம்பர் தெரியாமல் நான் எப்படிச் சொல்வது? துறைத் தலைவர் கோமதி மேடம் வந்தார். அவர்தான் தேடிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "ஐயா, அவன் இங்க வந்து ரொம்ப நாளாச்சு."

அவர் சிரித்தார். "இல்லைங்கம்மா. தெனமும் நானே பஸ் ஏத்திவிடுதேன். இன்னிக்கும் ஏத்திவிட்டேன். உள்ளதான் இருப்பான், கொஞ்சம் கூப்பிடுங்க."

கோமதி மேடம் என்னைப் பார்த்தார். நான் எதற்கு? எனக்கு லேப் இருந்தது. உள்ளே போய்விட்டேன். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்றார். தூக்குவாளியைத் திண்டின் மேல் வைத்தார். அப்புறம் அதை எடுத்துக்கொண்டு போனார்.

அப்பா வந்துபோனதை யாரோ பையனிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்று சாயந்திரம் எந்தப் பஸ்ஸிலிருந்தும் அவன் இறங்கவில்லையாம். இன்றுவரை இல்லை. தினமும் காலையில் பஸ் ஏறி எங்கே போய் உட்கார்ந்திருந்தான், அப்புறம் எங்கே போனான், ஒன்றும் தெரியாது. போலீஸ் தேடியது. தேடுவது என் வேலை இல்லை.

தண்ணீர் இருக்கிறதா? கொடுங்கள். போதும்.

அதற்குப் பின்னால் அந்தப் பெண் வந்தாள். அவளும் டிப்ளமோ. கடையநல்லூர்ப் பக்கம். பெயர் இசட்டில் ஆரம்பிக்கும். அவளுக்குப் பின்னால் யாரும் வரமுடியாது. முதல் நாள் நம்பர் கூப்பிட்டேன். கடைசி நம்பர் வந்ததும் வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. அவள் மட்டும் எழுந்து "எஸ் சார்" என்றாள். பக்கத்தில் இருந்த பெண் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். ஒட்டிக்கொள்ளும் என்று.

"என்ன?" என்றேன்.

"அது ராசியில்லாத நம்பர் சார்" என்றான் ஒருவன் பின்னாலிருந்து.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, "ஒண்ணாப்புலேர்ந்தே நான் கடைசி நம்பர்தான். சத்துணவுல எனக்கு முன்னாடி முட்டை தீந்துபோகும். இதுக்கு மேல என்ன ராசி கெடப்போகுது?" என்றாள்.

வகுப்பு சிரித்தது. வாய் ஜாஸ்தி என்று குறித்துக்கொண்டேன்.

அவளுக்கு அந்த வருஷம் முக்கியம். ஒரு வருஷம் போனால் வீட்டில் நிறுத்திவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். வாப்பா மாட்டேன் என்றாராம். அவள் சாப்பிடாமல் கிடந்து சம்மதம் வாங்கினாளாம். ஒரு பேப்பர் தவறினாலும் திரும்ப வந்துவிடவேண்டும் என்பது பேச்சு.

இன்னொரு சங்கதி சொல்லவேண்டும். மற்றப் பயல்கள் யாரும் 'ஈறாக' போடமாட்டார்கள். 'வரை' என்று போட்டு ஒன்று கூட்டி எழுதிவிடுவார்கள். சீனியர் ஜூனியருக்குச் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கம். ஏன் என்று கேட்டால் பதில் வராது. என் சொல்லை வேண்டாம் என்று ஒதுக்குகிறவனுக்கு இரண்டு மார்க் குறைப்பேன். குறைத்தாலும் கேட்கமாட்டார்கள். டிப்ளமோப் பெண்ணுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. கடைசி நம்பரோடு யாரும் பேசுவதில்லை. அவள் என் குறிப்பைப் படித்து அப்படியே எழுதினாள்.

ஒரு நாள் லேபில் கையைத் தூக்கினாள். "சார், ஞாயித்துக்கிழமையக் காணோம்."

"என்ன?"

"கிழமை ஏழையும் அச்சடிக்கச் சொன்னீங்க. சனியோட நின்னுடுது."

"உனக்கு ஞாயிற்றுக்கிழமையும் லேப் வைக்கிறேன். அப்போது தெரியும்" என்றேன். லேப் முழுக்கச் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை.

"என் எழுத்துல தப்பில்ல சார். தச்சன்ல தப்பு."

இதை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். புரோகிராம் எழுதத் தெரியாதவன் எல்லாரும் முதலில் சொல்வது இதுதான். கம்பைலர் தப்பு. நான் தச்சனின் மூலத்தை, அதாவது நாங்கள் எழுதிய எழுத்தை, திறந்து காட்டினேன். என் வரியைக் காட்டினேன்.

"இதில் என்ன தப்பு? சொல்லு."

நன்றாகப் படித்தாள். "இதுல தப்பில்ல சார்."

"அப்புறம்? தச்சன் இதிலிருந்துதானே வந்தது?"

"இல்ல சார். தச்சன் முந்தின தச்சன்கிட்டேருந்து வந்துச்சு."

வெளியே போகச் சொன்னேன்.

போனாள். ஆனால் விடவில்லை. பாலிடெக்னிக்கில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பலகையைக் கொடுத்து, மெஷின் உத்தரவுகளைக் கையாலேயே ஒவ்வொன்றாகப் போடப் பழக்குவார்கள். நாங்கள் அதைக் கூலி வேலை என்று சொல்வோம். அந்தப் பழக்கத்தில் அவள் தச்சனை அப்படியே பிரித்து, உள்ளே மெஷினுக்கு என்ன உத்தரவு போகிறது என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் லேபில்தான். நான் பார்த்தேன்.

செய்முறை மார்க் ஒட்டினார்கள். கடைசி நம்பருக்குப் பூஜ்யம்.

என் அறைக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "எதிர்பாத்தேன் சார்" என்றாள்.

"வேலை செய்யாதவர்கள் எதிர்பார்க்கத்தான் வேண்டும்."

"எனக்கு முன்னாடி இருந்த கடைசி நம்பர் யாருமே வேலை செய்யலியா சார்? ஒருத்தர்கூடவா?"

கோமதி மேடம் கூடவே வந்திருந்தார். "சார், ஒரே ஒரு தடவை கையால கூட்டிப் பாத்துடுவோமே" என்றார்.

"கையால் கூட்டுவதாக இருந்தால் கம்ப்யூட்டர் துறை எதற்கு? மூடிவிட்டுப் போவோம்" என்றேன்.

மேடம் நல்லவர். எதிர்த்துப் பேசமாட்டார். "பரீட்சைக்குப் பேரை அனுப்புறதுக்கு வெள்ளிக்கிழமைதான் கடைசி சார்" என்று மட்டும் சொன்னார். போகியும் அந்த வெள்ளிக்கிழமைதான்.

போகியில் ஒரு முறை உண்டு. பழைய தச்சனை அழிக்கிற வேலை கடைசி நம்பருக்கு. அதைச் செய்ய வேறு யாரும் வரமாட்டார்கள். வந்த துரதிர்ஷ்டம் அங்கேயே போகட்டும் என்று பயல்கள் தள்ளிவிட்ட வேலை. அது நிலைத்துவிட்டது. ஆக, மூன்றாம் வருஷம் முழுவதும் நின்று பார்க்க, அந்தப் பெண் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஜெயித்த கோஷ்டியின் மூலத்தைத் திறந்தாள். அதை மாற்றிப் புதுத் தச்சன் ஆக்கவேண்டும். பிறகு பழையதை அழிக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவள் பட்டியலுக்குப் போனாள். என் வரிக்குக் கீழே போய் நின்றாள்.

"கீழே எழுதாதே" என்றேன்.

"ஒரே வரி சார்."

"எழுதாதே என்றேன்."

எழுதினாள். சொல்லும் இல்லை, விதியும் இல்லை. அவளுடைய ரோல் நம்பரை எழுதினாள். என் வரிக்குக் கீழே. இத்தனை வருஷத்தில் யாரும் செய்யாதது. "செமிகோலன் இன்னிக்கு அவள முழுங்கப் போறாரு" என்று ஒருவன் மெல்லச் சொன்னது காதில் விழுந்தது. செமிகோலன் என்றால் நான். புரோகிராமில் வரியை முடிக்கிற குறி அது, அவர்கள் எனக்கு வைத்த பெயர்.

"எதுக்கு இது?" என்று கோமதி மேடம் கேட்டார்.

அவள் மெஷினைப் பார்த்தபடியே சொன்னாள். "கடைசியையும் சேத்துக்கோங்கிற விதி கடைசி வரில இருக்கு மேடம். அந்த வரிய எட்டணும்னா, கடைசியையும் சேத்துக்கத் தெரிஞ்சிருக்கணும். தச்சனுக்குத் தெரியாது. அதனால அந்த வரிக்கு முன்னாடியே நின்னு, 'ஈறாக'வ 'வரை'ன்னே எடுத்துக்கிறான். நின்னுடுறதால கத்துக்கவே மாட்டேங்கிறான். அடுத்த தச்சனையும் அதே மாதிரி பெத்துப் போடுறான். எழுத்துல சரியா இருக்கு. ஆனா அந்த எழுத்த ஒருத்தனும் எட்டல."

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "யாராவது ஒருத்தர் அதுக்குக் கீழ நிக்கணும் சார். அப்பத்தான் உங்க வரி உள்ள வரும்."

மாற்றினாள். ஒரு தச்சன் வந்தது. தன் நம்பரை அழித்தாள். என் வரி மறுபடியும் கடைசி வரி ஆயிற்று. அந்தத் தச்சனிடமே கொடுத்து இன்னொரு தடவை மாற்றினாள். அதில் கிழமை புரோகிராமைப் போட்டாள்.

ஞாயிறு வந்தது.

யாரும் கை தட்டவில்லை. கிழமை வந்ததற்கா கை தட்டுவார்கள்? பிறகு மார்க் புரோகிராமைப் புதுத் தச்சனில் மாற்றி ஓட்டினாள். அவள் நம்பர் வந்தது. வகுப்பில் இரண்டாவது மார்க்.

அதோடு எழுந்திருப்பாள் என்று பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. முந்தின வருஷத்து மார்க்கை எடுத்தாள். ஓட்டினாள். கடைசி நம்பர் பாஸ். அதற்கு முந்தின வருஷம். பாஸ். அதற்கும் முந்தினது. பெயரை மாற்றிக்கொண்டவனால் தள்ளப்பட்டானே, அவன் பாஸ். ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் மெதுவாக அவள் நாற்காலியைச் சுற்றிக் கூடினார்கள். நான் இருந்த பக்கம் காலியாயிற்று.

"இசக்கிமுத்துவும் பாஸ் சார்" என்றாள். "ரெண்டு தடவையும்."

"எந்த நம்பர்?" என்றேன்.

கோமதி மேடம் சொன்னார். "தூக்குவாளி சார்."

ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. என் வரிக்குக் கீழே எழுதியதற்காக அவளுக்கு இரண்டு மார்க் குறைத்தேன். அவள் கேட்கவும் இல்லை. வாங்கிக்கொண்டு போனாள்.

பழைய தச்சனை மட்டும் அழிக்கமாட்டேன் என்றுவிட்டாள். "இது இருக்கட்டும் சார். எங்கெங்க போயிருக்குன்னு தெரியணும்" என்றாள். போயிருக்கிறது. வருஷா வருஷம் இறுதியாண்டுப் பிள்ளைகள் செய்த புராஜெக்ட் எல்லாம் தச்சனில்தான் எழுதவேண்டும், என் உத்தரவு. அவற்றில் சில வெளியே வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஒரு மில்லில், ஒரு ஆஸ்பத்திரியில். பள்ளிக்கூட வேனில் ஏறுகிற பிள்ளைகள் எல்லாரும் இறங்கிவிட்டார்களா என்று எண்ணுகிற பெட்டி ஒன்று. முதல் பிள்ளை முதல் கடைசிப் பிள்ளை ஈறாக. ஒவ்வொன்றாகத் தேடிப் போய் மாற்றினாள். முக்கால்வாசி கிடைத்துவிட்டது. அந்தப் பெட்டி கிடைக்கவில்லை. செய்த பையன் வெளிநாட்டில். எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தான் என்பது அவனுக்கே ஞாபகம் இல்லையாம். இன்னும் தேடுகிறாள்.

கம்பைலர் செய்த தப்பு. அது மெஷின். அதற்கு என்ன தெரியும்? என் வரி சரியாக இருந்தது. விசாரணை வைத்தார்கள், அவர்களும் அப்படித்தான் எழுதினார்கள். மூலத்தில் பிழையில்லை. வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

வாசுதேவநல்லூர் தாண்டிவிட்டதா? சிவகிரிதான் அடுத்தது.

அங்கே என்ன வேலை என்றால், ஒருவரைப் பார்க்கவேண்டும். அவர் பையன் பாஸ் என்று சொல்லவேண்டும். கல்லூரியிலிருந்து தகவல் அனுப்பினார்கள். அவருக்கு அது புரியவில்லை போலிருக்கிறது. இன்னும் சாயந்திரம் பஸ் வருகிற நேரத்துக்கு வந்து ஸ்டாப்பில் நிற்கிறாராம். எல்லாரும் இறங்கி முடிகிறவரை நிற்பாராம். கண்டக்டரிடம் "கடைசி ஆளும் எறங்கியாச்சா?" என்று கேட்பாராம். அந்தப் பெண்தான் சொன்னாள், "நேர்ல போய்ச் சொல்லுங்க சார், நீங்க சொன்னாத்தான் நம்புவாரு" என்று. தப்பு என்னுடையது என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

முதல் தடவை வந்தபோது செருப்பு அறுந்துவிட்டது. போன தடவை மழை. இறங்காமல் ராஜபாளையம் வரை போய்விட்டுத் திரும்பினேன். ஸ்டாப்பில் யாரோ குடை இல்லாமல் நின்றார்கள். யார் என்று கண்ணாடியில் தெரியவில்லை.

இன்று மழை இல்லை. செருப்பும் புதுசு.

பையனை எழுப்புங்கள், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். சேருங்கள், பயப்படவேண்டாம். கடைசி நம்பர் வந்தால் வரட்டும். மூன்றாம் வருஷம் லேபுக்குப் போகும்போது அங்கே பொறுப்பில் இருக்கிற ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள். அவள் இப்போது அங்கேதான் பாடம் நடத்துகிறாள். என் பாடம். நம்பர் கூப்பிடுவதில்லையாம். கடைசியிலிருந்து ஆரம்பித்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாளாம். என்ன வழக்கமோ.

வண்டி நிற்கிறது. காலை எடுங்கள், நான் இறங்கவேண்டும்.

அவளையா? நம்பர் சொல்லிக் கேட்டால் அங்கே யாருக்கும் தெரியாது. பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஜுலைஹா.